வெள்ளிக்கிழமைக் கறவை

உத்திராபதிக் கோனார் பால் கறக்கும் சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்கும் என்று சிதம்பரம் கீழவீதியில் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார்கள்; ஒரு வீடு தள்ளிக் கேட்டது உண்மை. ஐந்து விரலும் காம்பைச் சுற்றி மடங்கி, மேலிருந்து ஒவ்வொன்றாக இறுகி இறங்கும். செம்பில் நுரை விளிம்பு வரை ஏறிவிடும். இதற்கு முழுக்கைக் கறவை என்று பெயர். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு காம்பை இழுத்து இழுத்துக் கறக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அது கறவை இல்லை, மூக்குச் சிந்துவது என்பார். இதை அவர் சொல்லாத வீடு அந்த வீதியில் இல்லை. அதனால்தான் பின்னால் அவருக்கு அவ்வளவு சங்கடம் வந்தது.

அவருக்குச் சொந்தமாக மாடு கிடையாது. வீட்டுக்காரர்கள் கொல்லையில் மாடு வைத்திருப்பார்கள். காலையும் அந்தியும் போய்க் கறந்து கொடுத்துவிட்டு வருவது அவர் வேலை. எட்டு வீடு. இருபத்தைந்து வருஷத்தில் அவர் ஒரு வேளைக் கறவையைத் தவறவிட்டது கல்யாணத்தன்று மட்டும்தான். அன்றைக்கும் அந்திக் கறவைக்கு மாலையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து நின்றதாக ஒரு பேச்சு உண்டு. அவர் மனைவி கொளஞ்சியம்மாள் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

இந்தியை எதிர்த்துக் கல்லூரிப் பிள்ளைகள் ஊர்வலம் போய், துப்பாக்கிச் சூடு நடந்து, ஊர் கதவடைத்துக் கிடந்த வருஷத்துக்கு முந்தின வருஷம் அவருடைய வலது கைச் சுண்டுவிரல் செத்துப் போயிற்று. வலித்திருந்தால் தெரிந்திருக்கும். வலிக்கவில்லை. மாட்டுக் கயிற்றில் பிரிந்து நின்ற நார் ஒன்று நகக்கண்ணில் ஏறி, கை முழுக்க ரத்தம் ஆன பிறகு, கன்றுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று கன்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகுதான் விரலைப் பார்த்தார். நாரைப் பிடுங்கிப் போட்டார். பிடுங்கும்போதும் ஒன்றும் தெரியவில்லை.

நாலைந்து மாதத்தில் மோதிர விரலும் அதன் கூடச் சேர்ந்துகொண்டது. இரண்டும் உள்ளே வளைய ஆரம்பித்தன. முழங்கைக்குக் கீழே வெளுப்பாக ஒரு தேமல் இருந்தது. அது எப்போது வந்தது என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. அந்தத் தேமலுக்கு ஊரில் என்ன பேர் என்று மட்டும் தெரியும். குஷ்டம் என்று வாயால் சொல்லாமல் பெரிய வியாதி என்பார்கள். அது வந்தவன் தொட்ட செம்பைக் கூட எடுத்து வைக்க மாட்டார்கள் என்றும், அது வந்தவனைப் பால் கறக்க யார் கூப்பிடுவார்கள் என்றும் அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முழுக்கைச் சட்டை தைத்துக்கொண்டார்.

வீட்டில் வாதம் என்று சொல்லிவைத்தார். கொளஞ்சியம்மாள் தினமும் வேப்பெண்ணெயைச் சுட வைத்து, விரல் விரலாக உருவி விடுவாள். சுடுகிறதா என்று கேட்பாள். இதமாக இருக்கிறது என்பார். அவள் சுண்டுவிரலை உருவும்போது அவர் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்தால்தான் அவள் எந்த விரலில் இருக்கிறாள் என்று தெரியும். அவருக்கு வருத்தம் என்று ஒன்று வரவில்லை. வர வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லாமல் இருந்தது. சாப்பிட்டார், தூங்கினார், எழுந்து கறக்கப் போனார்.

மாடுகள்தான் முதலில் கண்டுகொண்டன. கீழே இருக்கும் இரண்டு விரல் இறுகாவிட்டால் முழுக்கைக் கறவையில் கடைசிப் பால் இறங்காது. கடைசிப் பால் மடியில் தங்கினால் மாடு நாளுக்கு நாள் பாலைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு படி கறந்த மாடு ஒன்றரைக்கு வந்தது. வீட்டுக்காரர்கள் தவிட்டைக் குறை சொன்னார்கள், புல்லைக் குறை சொன்னார்கள், கண்ணேறு பட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். கோனாருக்கு வயசாகிவிட்டது என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவருக்கு நாற்பத்தெட்டு.

எட்டு வீடு ஏழாகி, ஐந்தாகி, அந்தத் தை மாதம் ஒன்றாகிவிட்டது. அந்த ஒன்று லோகநாயகி வீடு.

லோகநாயகிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பூர்வீகம் விவசாயக் குடும்பம். புருஷன் சபாபதிக்கு நெல்லிக்குப்பத்தில் குமாஸ்தா வேலை, சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போகிறவர். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். வீடு அகலம் கம்மி, நீளம் ஜாஸ்தி. கொல்லைக்கு வேறு வழி கிடையாது. மாடு வாசல் வழியாக நுழைந்து, நடையைக் கடந்து, சமையலறையைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே இருந்த பழைய மாடு நல்ல உயர்ந்த மாடு. ஒரு தடவை நடையில் திரும்பப் பார்த்துச் சிக்கிக்கொண்டது. அது முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நிற்க, சபாபதி ஆபீசுக்குப் போக முடியாமல் உள்ளே நின்றுகொண்டிருந்தார். அந்த மாடு பால் வற்றிய பிறகு விற்றுவிட்டார்கள்.

தை பிறந்ததும் லோகநாயகி கோனாரைக் கூப்பிட்டு, ஒரு மாடு பார்த்து வாங்கி வரச் சொன்னாள். பணத்தை ஒரு துணியில் முடிந்து கொடுத்தாள்.

“குட்ட மாடா பாருங்க கோனாரே. நடையில சிக்காம இருக்கணும்.”

கோனார் சரி என்றார். அவருக்கு அதைவிட வேறு எதுவும் வேண்டாம். குட்டை மாட்டுக்குக் காம்பும் குட்டை; முழுக்கை வைக்க இடமே இருக்காது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் போதும். அவரிடம் மிச்சம் இருந்தது அந்த மூன்றுதான். குட்டை மாடு தீனி குறைச்சலாகத் தின்னும், பால் கெட்டியாக இருக்கும், வெயில் தாங்கும் என்று பத்துக் காரணம் சொன்னார். அத்தனையும் நிஜம். உள்ளே இருந்த காரணத்தைச் சொல்லவில்லை.

குமராட்சிப் பக்கம் கொள்ளிடக் கரையை ஒட்டி ஒரு சந்தை. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஓட்டி வரும் குட்டை மாடுகள் அங்கே கிடைக்கும். சேற்றுக்குப் பழகின மாடுகள். கால் குட்டை, குளம்பு கெட்டி. இருபத்தைந்து வருஷமாக அந்த மாடுகளின் பக்கம் திரும்பிப் பார்க்காத உத்திராபதிக் கோனார் அன்றைக்கு அவற்றின் நடுவில் குந்திக் குந்தி எழுந்ததைத் தெரிந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஆட்டுக்குட்டி வாங்க வந்தீரா என்று ஒருவர் கேட்டார். கோனார் சிரித்து வைத்தார்.

மாடு பார்ப்பதில் அவரைக் குறை சொல்ல முடியாது. கண் இன்னும் அவருடையதாகத்தான் இருந்தது. மூன்று மாடுகளை ஒதுக்கினார். ஒன்று மடியில் கை வைத்ததும் வாலைச் சுழற்றியது. ஒன்றுக்கு மடி பெரிதாக இருந்தது, ஆனால் கறந்த பிறகும் அப்படியே இருந்தது. அது சதை மடி, பால் மடி இல்லை. இன்னொன்றை விற்க வந்தவன் நெற்றிச் சுழியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். சுழியை விற்கிறவனிடம் மாடு வாங்கக் கூடாது என்பது கோனாரின் கணக்கு.

நாலாவதாகப் பார்த்தது சாம்பல் நிறத்தில் ஒரு பசு. கோனாரின் இடுப்பு உயரம்தான். இரண்டாம் ஈத்து, காலடியில் சிவப்புக் கன்று. மடியின் கீழே பால் நரம்பு கயிறு மாதிரி நெளிந்து வயிற்றுக்கு ஓடியது. கோனார் பக்கத்தில் உட்கார்ந்து, கன்றை ஊட்டவிட்டு இழுத்துக் கட்டிவிட்டு, மூன்று விரலால் காம்பைப் பிடித்தார். இழுத்தார். பால் வந்தது. நாலு காம்பும் ஒரே மாதிரி வந்தது. பசு அசைபோடுவதை நிறுத்தக்கூட இல்லை. தன் வாயால் தானே மூக்குச் சிந்துவது என்று சொன்ன கறவை அது. வெட்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். அதுவும் வரவில்லை. இந்த மாடு இருந்தால் அந்த ஒரு வீடு நிற்கும் என்று மட்டும் நினைத்தார்.

மாட்டுக்காரர் ராமாமிர்தம் என்று அக்கரை ஆள். அவருக்காகப் பேசியவர் அப்துல் முத்தலிப் பாய். அந்தச் சந்தையில் பாய் முப்பது வருஷத் தரகர். கோனாரை அவருக்கு வெகுநாளாகத் தெரியும். மாமா என்றுதான் கூப்பிடுவார்.

சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. இரண்டு பேர் கையின் மேலும் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பார்கள். எத்தனை விரலைப் பிடித்தால் அத்தனை பத்து. மேலே முகத்தில் ஒன்றும் இருக்காது. வெற்றிலை மென்றுகொண்டு, மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு, கீழே விலை போய்க்கொண்டிருக்கும். சுற்றி நிற்கிற ஆயிரம் பேருக்கு அந்த மாடு என்ன விலை என்று தெரியாது. துண்டுக்குள் ஒத்துக்கொண்டால் அது ஒத்துக்கொண்டதுதான். அங்கே பொய் பேசின தரகனும் கிடையாது, பேச்சு மாறின ஆளும் கிடையாது.

நூறு ரூபாய் என்று முதலில் வாயாலேயே ஆகிவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு என்பதுதான் துண்டு விஷயம். கோனார் ஒரு விரலைப் பிடித்தார். பாய் தலையாட்டவில்லை. இரண்டைப் பிடித்தார். பாய் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்துவிட்டு, கோனாரின் கையைப் பிடித்தார். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். கோனாருக்கு மூன்று தெரிந்தது. மூன்று பத்து, நூற்று முப்பது. நல்ல விலை. சரி என்றார்.

பாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நூற்று ஐம்பதுக்கு முடிந்தது என்றார்.

நூற்று முப்பது என்றார் கோனார்.

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். ராமாமிர்தம் மாட்டின் கயிற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பாய் அஞ்சு விரலும் பிடித்தேன் என்றார். மூன்றுதான் பிடித்தாய் என்றார் கோனார். அவருக்குச் சந்தேகமே இல்லை, மூன்றுதான் பிடித்தது. முப்பது வருஷத் தரகனைத் துண்டுக்குள் ஏமாற்றினான் என்று சொல்வது செருப்பால் அடிப்பதற்குச் சமம். கூட்டம் கூடிவிட்டது. கோனாருக்கும் கோபம் வந்துவிட்டது. பாயின் குரலுக்கு மேல் அவர் குரல் உயர்ந்தது.

பாய் கோனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இன்னொரு தரம் கையைக் குடு மாமா என்று சொல்லி, துண்டை மறுபடியும் போட்டார். கோனார் கையை நீட்டினார். துண்டுக்குள் என்ன நடக்கிறது என்று காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. பாய் கண்ணை எடுக்காமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோள் மட்டும் லேசாக இறுகியது, யாரோ எதையோ பலமாக அழுத்தும்போது இறுகுகிற மாதிரி.

அப்போதுதான் கோனாருக்குப் புரிந்தது. பாய் நகத்தால் அழுத்திக்கொண்டிருந்தார். எந்த விரலை என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததாலேயே தெரிந்தது.

பாய் கையை விட்டார். துண்டை எடுக்கும்போது கோனாரின் கை வெளியே தெரியாத மாதிரி, அதன் மேலேயே இழுத்து, சட்டைக் கைக்குள் அது மறைந்த பிறகு எடுத்தார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“நான்தான் தப்பா புடிச்சிட்டேன். மூணுதான். வயசாயிடிச்சி, வெரலு எண்ண மறந்துபூட்டுது. மிச்சம் இருவதை நானே மாட்டுக்காரருக்குக் குடுக்கறேன்.”

கூட்டம் சிரித்தது. முத்தலிப் பாய்க்கே விரல் மறந்துவிட்டதா என்று ஒருவர் கேட்டார். பாயும் கூடச் சிரித்தார். அதற்குப் பிறகு பல வாரம் அந்தச் சந்தையில் அவர் துண்டை எடுத்தால், பாய் எண்ணிப் பிடியும் என்று யாராவது சொல்லாமல் இருக்கவில்லை. அது கோனாருக்குப் பின்னால்தான் தெரியும்.

மாட்டை ஓட்டிக்கொண்டு ரோட்டுக்கு வரும்வரை பாய் கூடவே நடந்தார். கன்று முன்னால் ஓடி ஓடி நின்றது. ரோடு வந்ததும் பாய் நின்றார்.

“எங்க அண்ணனுக்கும் இப்டித்தான், ரெண்டு வெரல்ல ஆரம்பிச்சிச்சி. கடலூர்ல வெள்ளிக்கெழம காலையில பாக்கறாங்க மாமா. மாத்திர குடுக்கறாங்க. மாத்திர தின்னா அடுத்தவங்களுக்கு ஒட்டாதாம். அண்ணன் இப்ப கடையில ஒக்காந்து யாவாரம் பண்றாரு. நீ போ.”

அவ்வளவுதான் சொன்னார். திரும்பிச் சந்தைக்குள் போய்விட்டார்.

கோனார் போகவில்லை. போக முடியாததற்குக் காரணம் மிகச் சின்னது. வெள்ளிக்கிழமை காலை கடலூரில் இருக்க வேண்டுமானால் விடியற்காலைப் பாசஞ்சரில் ஏற வேண்டும். ஏறினால் வெள்ளிக்கிழமைக் காலைக் கறவை போயிற்று. இருபத்தைந்து வருஷத்தில் ஒரு வேளை தவறாதவன் வாரா வாரம் வெள்ளிக்கிழமை மட்டும் எங்கே போகிறான் என்று லோகநாயகி கேட்பாள். கடலூருக்கு என்று சொன்னால், கடலூரில் என்ன என்பாள். ஊரில் எல்லாருக்கும் தெரியும் கடலூரில் வெள்ளிக்கிழமை என்ன என்று. அதோடு அந்த ஒரு வீடும் போய்விடும்.

அதனால் அவர் வெள்ளிக்கிழமை காலைகளில் கறந்துகொண்டே இருந்தார்.

குட்டைப் பசுவுக்கு வீட்டில் குட்டச்சி என்று பெயர் வைத்தார்கள். நடையில் நுழைந்து, சமையலறை வாசலில் நின்று, உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொல்லைக்குப் போகும். வேளைக்கு முக்கால் படி பால். கெட்டிப் பால், டிகாக்‌ஷனில் விட்டால் நிறம் மாறாமல் மேலே நிற்கும் என்று லோகநாயகி பக்கத்து வீட்டில் பெருமை பேசினாள். கோனார் முதுகைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்து, வலது கையை மாட்டுக்கு உள்பக்கமாக வைத்துக்கொண்டு கறப்பார். யார் வந்தாலும் மாட்டு வயிறுதான் தெரியும், விரல் தெரியாது. கறந்து முடிந்ததும் லோகநாயகி காபி கொடுப்பாள். கொல்லைச் சுவரில் ஒரு மாடம். அதில் அவருக்கென்று ஒரு பித்தளை டம்ளர் கவிழ்ந்திருக்கும். குடித்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்.

பங்குனி போய்ச் சித்திரை வந்தது. வளைந்த விரல் இன்னும் கொஞ்சம் வளைந்தது. நடுவிரலின் ஓரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்க ஆரம்பித்தது. சுண்டுவிரலும் மரத்துப் போவதற்கு முன்னால் அப்படித்தான் ஊர்ந்தது என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. மூன்று விரல் இரண்டாகும், இரண்டு விரலால் கறக்க முடியாது. அதை வேறு யாருக்கோ நடக்கப் போவது மாதிரி நினைத்துக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை அந்தியில் கோனார் கொல்லைக்குள் நுழையும்போது செம்பில் பால் விழும் சத்தம் கேட்டது. அவர் சத்தம் இல்லை. விட்டு விட்டு, மெலிதாக, பக்கத்து வீட்டுக்குக் கூடக் கேட்காத சத்தம். லோகநாயகி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குட்டச்சியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு இழுத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் வேர்வை. செம்பில் ஆழாக்குக் கூட இல்லை. ஆனாலும் கறந்துகொண்டுதான் இருந்தாள்.

கோனார் நின்ற இடத்திலேயே நின்றார். பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. தன் கைக்குச் சுலபமான மாட்டைத் தேடித் தேடி எடுத்து வந்தார். அது எல்லார் கைக்கும் சுலபமாகத்தான் இருக்கும். பெரிய மாடாக இருந்தால் இந்த அம்மாள் கிட்டேயே போயிருக்க மாட்டாள். தன் வேலையைத் தானே கயிற்றில் கட்டி நடை வழியாக உள்ளே ஓட்டி வந்து, எடுத்துக்கொள் என்று கொடுத்திருக்கிறார். கடைசி வீடு போயிற்று. இப்போதாவது ஏதாவது வரும் என்று பார்த்தார். நெஞ்சு சும்மா கிடந்தது.

லோகநாயகி திரும்பிப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

“வந்துட்டீங்களா. எனக்கு வருதான்னு பாத்தேன்.”

வருகிறது அம்மா என்றார் கோனார். இன்னும் கொஞ்சம் மேலே பிடிக்க வேண்டும் என்றார். பிறகு, சரி அம்மா, நான் வருகிறேன் என்று திரும்பினார். மாடத்தில் இருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு போவதா விட்டுவிட்டுப் போவதா என்று ஒரு நிமிஷம் குழம்பினார். தான் தொட்டது, விட்டுவிட்டுப் போனால் அவர்கள்தான் தூக்கிப் போட வேண்டும். எடுத்துக்கொள்ளலாம் என்று கையை நீட்டினார்.

“டம்ளர எதுக்கு எடுக்கறீங்க?” என்றாள் லோகநாயகி. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். வீதிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பெண்கள் இன்னும் விளையாடிவிட்டு வரவில்லை. குரலைத் தணித்துக்கொண்டாள்.

“போன மார்கழியில ஒரு நாளு காபி குடுத்தேன். டம்ளரு சூடு தாங்காம நான் முந்தானையால புடிச்சி எடுத்தாந்தேன். நீங்க வெறுங்கையால விளிம்ப புடிச்சி வாங்கி, அடியில சுண்டுவெரல முட்டுக்குடுத்து, கடசி வரைக்கும் அப்டியே வெச்சிக்கினு குடிச்சீங்க. மறுநாளு சுண்டுவெரல்ல கொப்பளம். நானும் பாத்தேன். அப்பவே தெரியும் எனக்கு.”

கோனார் மாடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பெரிய மாட்டுக்கு உங்க கை வராதுன்னுதான் குட்டயா கேட்டேன். நடைய சும்மா சொன்னேன்.”

அவர் பத்துக் காரணம் சொன்னார், அவள் ஒரு காரணம் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே விஷயத்தை மறைத்துக்கொண்டு, ஒரே மாட்டைக் கேட்டிருக்கிறார்கள். கோனாருக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. குட்டச்சியின் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்.

லோகநாயகி சொல்ல வேண்டியதை ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். சபாபதியின் ஆபீசில் ஒருவர் கடலூருக்குப் போய் மாத்திரை சாப்பிட்டுத் தேறி, இப்போது சபாபதிக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறாராம். வெள்ளிக்கிழமை காலைப் பால் தில்லைக் காளிக்கு அபிஷேகத்துக்கு, தன் கையால் கறந்து கொண்டுபோவதாக வேண்டுதல் என்று வீதியில் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டாளாம். இரண்டு பேரிடம் சொன்னால் போதும், மிச்சத்தை வீதி பார்த்துக்கொள்ளும். வேண்டுதல் என்று சொல்லிவிட்டால் எதற்கு என்று யாரும் கேட்கப் போவதில்லை.

“அதான் ஒரு வாரமா நீங்க வர்றதுக்கு முந்தி கத்துக்கறேன். வெள்ளிக்கெழம காலையில நான் கறந்துக்கறேன். நீங்க போய்ட்டு வாங்க.”

மறுநாள் விடியற்காலைப் பாசஞ்சரில் கோனார் ஏறினார். ரயில் போகும்போது, இந்நேரம் குட்டச்சியை அவிழ்த்துக் கட்டியிருப்பாள், இந்நேரம் கன்றை விட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே போனார். மடியைக் கழுவ மறந்துவிடுவாளோ என்று ஒரு கவலை. வெகுநாளைக்குப் பிறகு அவர் பட்ட முதல் கவலை அதுதான்.

கடலூரில் ஆற்றோரம் ஓடு போட்ட ஒரு கட்டடம். வெளியே மரத்தடியில் நாற்பது பேர் இருப்பார்கள். முழுக்கைச் சட்டைக்காரர்கள் பாதிப் பேர். ஒருவரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கோனாருக்கு அது நிம்மதியாக இருந்தது. முறை வந்ததும் உள்ளே காக்கி அரைக்கால் சட்டை போட்ட ஒருவர் உட்காரவைத்தார். கையில் ஒரு கோழி இறகும் ஒரு ஊசியும் வைத்திருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். தொட்ட இடத்தை இடது கையால் தொட்டுக் காட்ட வேண்டும் என்றார்.

கோனார் கண்ணை மூடினார். கட்டைவிரலில் இறகு பட்டது, காட்டினார். ஆள்காட்டி விரலில் பட்டது, காட்டினார். பிறகு அந்த ஆள் நிறுத்திவிட்டார். காகிதம் தேடுகிறார் போலிருக்கிறது என்று கோனார் காத்திருந்தார். வெளியே யாரோ இருமினார்கள். ஆற்றில் துணி துவைக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஆன மாதிரி இருந்தது.

“மிச்சத்த எப்ப ஆரம்பிப்பீங்க?” என்றார் கோனார்.

கண்ணைத் திறக்கச் சொன்னார் அந்த ஆள். சுண்டுவிரலில் இரண்டு இடத்தில், உள்ளங்கை ஓரத்தில் ஒரு இடத்தில், தேமலின் நடுவில் ஒரு இடத்தில் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக ரத்தம் துளிர்த்திருந்தது. இறகு இல்லை, ஊசி. அவர் எல்லாவற்றையும் தொட்டு முடித்து, நோட்டில் எழுதியும் முடித்திருந்தார்.

அப்போது பயந்தார் கோனார். ஒன்றரை வருஷமாக வராத பயம் மொத்தமாக வந்தது. இந்தக் கை தன்னுடையது, இது போய்க்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குப் பட்டது. அந்த ஆள் பழகினவர். கொஞ்ச நேரம் விட்டுவிட்டுப் பேசினார். போன விரல் வராது, மற்றது போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நடுவிரலில் எறும்பு ஊர்வதைக் கோனார் சொன்னார். ஊர்கிறது என்றால் இன்னும் உயிர் இருக்கிறது, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் அந்த ஆள். வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும், ஒரு வெள்ளிக்கிழமை கூட விடக் கூடாது என்றார். என்ன வேலை என்று கேட்டார். பால் கறக்கிற வேலை என்று கோனார் சொன்னார். மாத்திரையை விடாமல் சாப்பிட்டுக்கொண்டு செய்யுங்கள், சூடானதை மட்டும் கண்ணால் பார்த்துத் தொடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கீழவீதிக்கு வந்து சேரும்போது அந்திக் கறவை நேரம். லோகநாயகி கொல்லையில் நின்றுகொண்டிருந்தாள். காலையில் அரைக்கால் படிதான் வந்ததாம். குட்டச்சி பாலை அடக்கிக்கொண்டு திரும்பித் திரும்பி நடை வாசலையே பார்த்ததாம். காளிக்கு அதுவே போதும் என்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாளாம். கட்டைவிரல் வீங்கிவிட்டது என்று காட்டினாள். அது வீங்கத்தான் செய்யும், வாரத்தில் ஒரு நாள் என்றால் ஆறு மாதத்தில் பழகிவிடும் என்றார் கோனார். அடுத்த வெள்ளிக்கிழமை கறக்க உட்காரும் முன்னால் மடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவ மறக்கக் கூடாது என்றும் சொன்னார். மாத்திரையைப் பற்றி அவள் கேட்கவில்லை. சட்டைப் பையில் பொட்டலம் இருந்ததைப் பார்த்துவிட்டாள்.

உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். அதே பித்தளை டம்ளர். அதைச் சுற்றிப் பழைய புடவைத் துணியை நாலு மடிப்பாக மடித்து, பிடிக்கிற இடத்தில் வைத்துச் சுற்றிலும் தைத்திருந்தாள். சும்மா சுற்றினால் அவிழ்ந்துவிடும் என்று நெருக்கமாகத் தையல் போட்டிருந்தாள். கழுவினாலும் வராது.

கோனார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அழுகை வந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. அப்படியே அழுதுகொண்டு காபியைக் குடித்தார். லோகநாயகி அந்தப் பக்கம் திரும்பி வைக்கோலை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். குடித்து முடித்ததும் டம்ளரைக் கழுவி, துணியைப் பிழிந்து, மாடத்தில் கவிழ்த்து வைத்தார். கன்று கத்தியது. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு குட்டச்சியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.